மாலைப் பொழுதும் கையாறும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை இந்த மாடி அறையில் கூடிக் கவிதை படித்து, சண்டையிட்டு, தேநீர் அருந்திப் பிரியும் கவிஞர் பெருமக்களே,

அழைப்பிதழில் என் உரைக்குச் 'சங்க இலக்கியத்தில் முதுமை' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அத்தலைப்பைக் கொடுத்தவள் நானே. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடலை முன்வைத்துக் குறிப்பும் எழுதத் தொடங்கினேன். கோலூன்றி நடுங்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைத்து இரங்கும் பாடல் அது. எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இம்முறை எழுத எழுத ஒன்று உறுத்தியது. அந்த முதியவருக்கு இரவில் இருமல் வந்தபோது எழுந்து வெந்நீர் வைத்தவர் யார்? அவர் கோலைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தவர் யார்? பாட்டுக்கு வெளியே அப்படி ஒருவர் நின்றிருக்கத்தானே வேண்டும். அவரைப் பற்றிப் பேச நினைத்தேன். தலைப்பை மாற்றிக்கொள்ள நேற்றிரவு தலைவரிடம் அனுமதியும் பெற்றேன்.

உங்களில் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு என்பதை அறிவேன். தொற்றுக்காலம் ஓய்ந்து வட்டத்தின் கூட்டங்கள் 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கின. அன்று முதல் 2023 ஜனவரி முடிய நடந்த 15 கூட்டங்களில் ஒன்றுக்கும் நான் வரவில்லை. என் ஆய்வு நூலுக்கு முன்பு நடந்த விமரிசனக் கூட்டத்தில் சொல்லப்பட்ட கருத்துகளால் நான் கோபித்துக்கொண்டேன் என்று ஒரு பேச்சு உலவியதாம். அந்த விமரிசனத்தில் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. தம் தொகுப்பை அணிந்துரைக்காக என்னிடம் கொடுத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்த இளங்கவிஞரும் இந்த அவையில் இருக்கிறார். அவரிடம் இன்றுவரை காரணம் சொல்லவில்லை. அந்த எட்டு மாதமும் என்னால் ஒரு கவிதையைக்கூட முதலடியிலிருந்து ஈற்றடி வரை வாசிக்க முடியவில்லை. எழுத்துகள் தெரிந்தன. சொற்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

என் தாயார் தொடக்கப் பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். எனக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. அப்பா 2009இல் காலமான பின் என்னோடு பாளையங்கோட்டையில் இருக்கிறார். 2018 வாக்கில் உப்பை இருமுறை போடுவதும், எடுத்த மாத்திரையை மீண்டும் எடுப்பதும் தொடங்கின. முதுமையில் எல்லார்க்கும் நேர்வதுதானே என்று இருந்துவிட்டோம். 2019இல் மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஆயிரம் கடிகாரம் வரைந்து காட்டியவர் அவர். வட்டம் சரியாகவே போட்டார். பன்னிரண்டு எண்களையும் அதன் வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி எழுதிவிட்டு, "சரியா இருக்காட்டி?" என்று என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையசைத்தேன். அவரிடம் நான் சொன்ன முதற் பொய் அது.

மறதி நோய் என்று நாம் சொல்லும் இது மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் வருவது. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906இல் எடுத்துரைத்தார். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்த ஒவ்வொருவர்க்கும் பின்னால் வெந்நீர் வைக்கும் ஒருவர் இருக்கிறார் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் ஒரு பெண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகற்பொழுது எப்படியோ கழிந்துவிடும். மாலைதான் கடினம். முல்லைக்கு மாலையைச் சிறுபொழுதாக வைத்தார்கள் முன்னோர். இருத்தலை உரிப்பொருளாக வைத்தார்கள். பொழுது மங்கும்போது காத்திருப்பவள் மனம் கலங்கும் என்று இருபது ஆண்டுகளாக மாணவியர்க்குச் சொல்லி வந்தவள் நான். அந்தக் கலக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஐந்தரை மணி ஆனதும் அம்மா எழுவார். ஒரு துணிப்பையில் சேலை, சீப்பு, ஒரு தம்ளர், சில நாட்களில் தொலைக்காட்சியின் கைக்கருவி என எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். "ஏட்டி, பொழுது சாஞ்சிட்டு. நான் வீட்டுக்குப் போணும். அம்மா தேடுவா." அவர் குறிப்பிடும் வீடு ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக்குப் போகும் சந்தில் இருந்தது. இடித்து நாற்பது ஆண்டு ஆகிறது. தேடுவதாக அவர் சொல்லும் என் பாட்டி நான் கைக்குழந்தையாய் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருத்துவர்கள் இந்நிலையைத் தனியாகக் கவனித்துப் பெயரும் இட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சண்டவுனிங் என்பார்கள். பொழுதுசாய் கலக்கம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வெளிச்சம் குறைவது, பகல் முழுதும் பட்ட களைப்பு, உடலின் நாழிகைக் கணக்குத் தடுமாறுவது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அன்று எனக்கு இவையெல்லாம் தெரியாது. நான் தமிழாசிரியை. தவறைத் திருத்துவது என் தொழில். "அம்மா, இதுதான் உங்க வீடு. பாட்டி செத்துப்போய் நாற்பத்தைந்து வருஷம் ஆகுது" என்று நாள்தோறும் திருத்தினேன். நாள்தோறும் அவர் தம் தாய் இறந்த செய்தியை முதன்முறையாகக் கேட்டு அழுதார்.

அண்ணன் பெங்களூருவில் இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். "நீ இருக்கிறாய் என்ற நிம்மதியில்தான் நான் இருக்கிறேன்" என்பார். அன்பாகத்தான் சொன்னார். மதினியும் அப்படியே. என் கணவர் தம்மால் ஆனதைச் செய்தார். ஆயினும் அம்மாவைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் மகள்தானே வேண்டும். உறவினர் வந்து, "பெத்தவளைப் பார்த்துக்கிடக் கொடுத்து வைக்கணும், உனக்குப் புண்ணியம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். புண்ணியம் என்ற சொல்லின்மேல் எனக்கு இன்றும் ஒரு கசப்பு உண்டு. ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கும்போது கரையில் நின்று வாழ்த்துவது போன்ற சொல் அது.

நான் மூழ்குகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. இதைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பிறகு உறக்கம் இராது. உணவில் சுவை போயிற்று. எட்டுக் கிலோ எடை குறைந்தேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றபோது மகிழ்ச்சி வரவில்லை. வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் வகுப்புக்குத் தவறாமல் போனேன். விடைத்தாள்களை உரிய நாளில் திருத்திக் கொடுத்தேன். ஒருமுறைகூட அழவில்லை. மெய்யின்கண் தோன்றுவதால் மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் நடத்தும்போது சொல்லுவோம். என் மெய்யில் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாத ஒன்றை யார் கண்டுபிடிப்பது?

2022 கார்த்திகை விளக்கீட்டு நாளில் அது நடந்தது. வாசலில் நான் அகல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பையோடு வந்து கதவுத் தாழை நீக்கப் போனார். அவருடைய சேலைத் தலைப்பு விளக்கின்மேல் பட இருந்தது. பதறி இழுத்திருந்தால் அது இயல்பு. நான் இழுத்துவிட்டு, அதன்பின் அவர் கையில் அடித்தேன். ஓங்கி, இரண்டு முறை. அம்மா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, சிறு பிள்ளைபோல உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "அடிக்காதீங்க டீச்சர்."

அன்றிரவு என்ன நினைத்தேன் என்பதை இந்த அவையில் முழுமையாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. மறுநாள் கல்லூரியில் விலங்கியல் துறைப் பேராசிரியை ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தம் வண்டியில் ஏற்றி ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அந்த அம்மையார் கவிதை வாசிப்பவர் அல்லர்.

மருத்துவரிடம், "கொஞ்சம் மன அழுத்தம் டாக்டர், விடுப்பு எடுத்தால் சரியாகிவிடும்" என்றேன். அவர் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இவை எத்தனை நாள் இருந்தன என்று குறிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 27. எனக்கு 19 வந்தது. என் வாழ்நாளில் அதிக மதிப்பெண் எடுத்ததற்காக வருந்திய ஒரே தேர்வு அதுவே. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு விடை எழுத நெடுநேரம் ஆயிற்று. உண்மையையே எழுதினேன்.

"நீங்கள் சொல்லும் மன அழுத்தம் வேறு, உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோய்" என்றார் மருத்துவர். தமிழ் படித்தவளுக்குத் தமிழ்ச் சொல்லின் பொருளை ஓர் ஆங்கில மருத்துவர் திருத்தினார். செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அழுத்தம் என்றால் மேலே ஒரு பாரம் இருக்கிறது, இறக்கினால் நிமிரலாம் என்று பொருள்படுகிறது. பாரத்தை இறக்கி வைத்தாலும் நிமிர முடியாமற்போவது மனச்சோர்வு. சொல்லாராய்ச்சிக்காரர்களின் வீண் பிடிவாதமாக இதை நினைக்க வேண்டாம். தவறான சொல்லை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் விடுமுறைக்காகக் காத்திருந்தேன் நான்.

மருந்து தந்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது, தேறிய பின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்றார். பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவேனோ என்று அஞ்சினேன். அது தூக்க மாத்திரை அன்று என்று விளக்கினார். நான்காம் வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணி வரை உறங்கினேன். சாம்பாரில் பெருங்காயம் மணந்தது. அவ்வளவுதான் முதல் அறிகுறி. அதன்பின் ஒரு நாள் சமையலறையில் நின்று நன்றாக அழுதேன்.

அழுகை வந்தபின் தொல்காப்பியமும் திரும்பி வந்தது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார் ஆசிரியர். அசைவு என்பதற்குப் பழைய நிலை கெட்டு வேறொன்றாய் மாறி வருந்துவது என்னும் கருத்துப்பட உரை காண்கிறார் பேராசிரியர். இவ்வுரையை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பழைய நிலை கெட்டு வேறானது அம்மாவா, நானா? அன்று அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைச் சொல்லுமிடத்தில் கையாறும் இருக்கிறது, மடிமையும் இருக்கிறது.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். இறந்தவர்க்குப் பாடக் கையறுநிலை என்ற துறை நம்மிடம் உண்டு. பாரியை இழந்த அவன் மகளிர் பாடியது அத்துறையில் அடங்கும். பட்டினத்தார் தாயின் சிதைமுன் நின்று பாடிய பாடல்களைக் கேட்டுக் கலங்காத தமிழர் இலர், நானும் கலங்குகிறேன். ஆயினும் அவை சிதையில் தொடங்கும் பாடல்கள். துறவியாய்ப் போன மகன் கடைசி நாளில் வந்து பாடினார். அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த மூதாட்டியின் அருகில் இருந்தவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் தாய் நாளுக்கொரு சொல்லாக, நாளுக்கொரு முகமாக இல்லாமற்போவதைப் பாட நமக்குத் துறை இல்லை. அவரை நினைத்து அழுதால், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்பார்கள். இருக்கிறவர்க்கு எப்படி ஒப்பாரி வைப்பது?

பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு பெயர் தந்திருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தேன். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர் அவர். உடல் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார். அல்லது உடல் இருக்கிறது, ஆனால் மனம் இல்லை. இவ்விரண்டையும் தெளிவுபடாத இழப்பு என ஒரே வகையில் அடக்குகிறார். முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாத துக்கம் அப்படியே உறைந்து நின்றுவிடும் என்பது அவர் கண்டது. என் அம்மாவும் நானும் அந்த இரண்டாம் வகையில் இருந்தோம். இதை அறிந்ததால் அம்மாவின் நோய் குறையவில்லை. ஆனால் நான் கொடியவள் என்ற எண்ணம் சற்றுக் குறைந்தது.

அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தொலைபேசியில் சொன்னால், "உன்னால்தான் முடியும்" என்பார். கடிதம் எழுதினால் இடையில் பேச முடியாது. விளக்கீட்டு நாளில் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அந்த வாரமே வந்தார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வந்து தங்குகிறார். அம்மாவுக்கு அவரே உணவூட்டுகிறார். பகலில் உதவிக்கு ஒரு பெண்மணி வருகிறார். அவர் சம்பளத்தை அண்ணன் தருகிறார். பெற்றோரைப் பேணாத பிள்ளைகளைக் கேள்வி கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; நல்லதே. பேணுகிறவரைப் பேணுவது யார் என்று சட்டத்தில் எழுத முடியாது. அதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும் போலும். இரவில் பேச ஒருவரும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் அது தொடங்கியிருந்தது. கார்த்திகையில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மாலைக்கு வருகிறேன். அம்மாவைத் திருத்துவதை விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறேன். பையை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போணும்" என்றால், "வாங்கம்மா, போவோம்" என்று நானும் செருப்பு மாட்டிக்கொள்கிறேன். தெருவின் கடைசி வரை நடப்போம். வழியில் அவர் தம் அம்மாவைப் பற்றிச் சொல்வார், நான் கேட்பேன். பாட்டி கருப்பட்டிப் பணியாரம் சுடுவார் என்பதும், ஆற்றில் குளிக்கும்போது பாடுவார் என்பதும் இந்த நடையில்தான் எனக்குத் தெரிந்தன. திருப்பத்தில் உள்ள வேம்பைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே திரும்புவோம். "வீடு வந்துட்டும்மா" என்பேன். சில நாள் உள்ளே வந்து நிம்மதியாக உட்காருவார். சில நாள் இது வேறு வீடு என்பார். அப்போது இன்னொரு சுற்று. என் மருந்தின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. மார்கழியில் மீண்டும் ஒருமுறை சோர்வு வந்தது. இம்முறை பெயர் தெரிந்திருந்ததால் அந்த வாரமே போய்ப் பார்த்தேன்.

2023 பிப்ரவரியில் நான் மீண்டும் வட்டத்துக்கு வந்தபோது எப்படி வர முடிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவர், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், அதற்கு முந்திய மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இரண்டாம் சனிக்கிழமை மூணு மணிக்கு நான் வந்திருதேன். நீங்க கூட்டத்துக்குப் போங்க" என்றார். அன்று முதல் அந்த நாளில் அவர் அம்மாவோடு உட்கார்ந்து பழைய வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறார். அம்மா பதினாறாம் வாய்ப்பாடு வரை பிழையில்லாமல் சொல்கிறார். அவர் வேண்டுமென்றே தவறு செய்தால் அதட்டுகிறார். கூட்டங்களில் அவரை ஏன் காண்பதில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கான விடை இதுதான்.

பத்தாம் ஆண்டு மலரில் அவருடைய கவிதை ஒன்று இடம்பெறுகிறது. அதை இந்த மேடையில் வாசிக்க அவரை அழைத்திருந்தீர்கள். இன்றாவது நான் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று காலையில் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குப் பேச்சு இருக்கிறதே என்று மறுத்துவிட்டார். அவர் கவிதையை இனி செயலாளர் வாசிப்பார்.

மணி நாலே முக்கால் ஆகிறது. ஐந்தரைக்கு அம்மா பையை எடுப்பார். அவருக்கு எந்த வேம்பைச் சுற்ற வேண்டும் என்பது தெரியாது. நான் போக வேண்டும்.